மறியலா, தடுப்பா, சிறையா? கைதிகள் பற்றி வன்னிப் பிள்ளைகள் கேட்டவை

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் ஞாயிறு பின்னேரங்களில் உயர்தர மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் ஒருநாள் றொபேட் நொக்ஸ் பாடம். "இலங்கையில் 19 வருடத்துக்கு மேல் கைதியாக இருந்த ஆங்கிலேயர்" என்று தொடங்கினேன். பின் வாங்கில் இருந்த பொடியன் எழும்பிக் கேட்டான்: "சேர், அவர் மறியலிலயா தடுப்பிலயா இருந்தவர்?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருந்தான். அன்றைக்கு நொக்ஸ் பாதியில் நின்றார். அதற்குப் பிறகு பிள்ளைகள் கொப்பித் தாளில் எழுதித் தந்தவை, வீட்டார் கேட்டனுப்பியவை, நான் சொன்ன பதில்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே தருகிறேன்.

கைதி, மறியல், தடுப்பு, சிறை எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் கலந்து சொல்கிறோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக்கதை உண்டு. 'கைதி' அரபியில் பிறந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். கையைக் கட்டுவதால் கைதி என்று விளக்கம் சொல்வோர் இருக்கிறார்கள், அது சரியில்லை. 'சிறை' நம்முடைய பழைய சொல். அதற்கு அணை, கரை என்ற பொருளும் உண்டு. பாய்ந்து வரும் வெள்ளத்தைத் தடுக்கும் கற்சிறை போல ஒருவன் தனியே நின்று படையைத் தாங்குவதைத் தொல்காப்பியம் சொல்கிறது. குளக்கட்டில் நடந்து பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

'மறியல்' என்றால் தமிழ்நாட்டில் சனம் றோட்டில் குந்தியிருப்பது. இங்கே அது சிறைச்சாலை. வழக்கு முடியும்வரை வைத்திருந்தால் விளக்கமறியல். 'தடுப்பு' 2009-இல் போர் முடிந்த பிறகு வன்னியில் எல்லார் வாயிலும் புழங்கும் சொல். "அவர் தடுப்பால வந்தவர்" என்றால் மேலதிக விளக்கம் யாரும் கேட்பதில்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமலே ஒருவரைத் தடுப்பில் வைக்கலாம். மறியலுக்கும் அதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான்.

பணயக்கைதி வேறு வகை. அவரைப் பிடித்திருப்பது மூன்றாவது ஆள் ஒருவரிடமிருந்து ஏதாவது பெற. விலை படிந்தால் விடுவார்கள்.

அப்ப நொக்ஸ் எந்த வகை?

ஒன்றிலும் அடங்கமாட்டார். அவருடைய தகப்பன் 'ஆன்' என்ற கப்பலின் கப்டன், தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயல் கப்பலின் பாய்மரத்தை முறித்தது. புது மரம் தேடிக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கரைக்கு இறங்கியவர்களைப் பிடித்தார்கள். மூதூர்ப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில்தான் பிடித்தார்கள் என்று அங்கே கல் வைத்திருக்கிறது. மொத்தம் 16 பேர்.

இதில் எனக்கு எப்போதும் மனதில் நிற்கும் இடம் ஒன்று. கப்பலில் மிஞ்சியிருந்தவர்களையும் கரைக்கு வரவழைக்கும்படி தகப்பனை நெருக்கினார்கள். அவர் மகனை அனுப்பினார். வயது 19 அளவில். மகன் கப்பலில் ஏறி, "ஒருவரும் இறங்கவேண்டாம், காவலாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தோணியில் இறங்கித் தகப்பனிடம் வந்தான். வருவதாகச் சொல்லிப் போனவன், வந்தான். கப்பல் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அந்தத் தோணிப் பயணத்தின் விலை 19 வருடம்.

சுவர் இல்லாமல் எப்படி 19 வருடம் வைத்திருந்தார்கள்?

கண்டி அரசனுக்கு வெள்ளைக்காரரைச் சேர்த்து வைப்பதில் ஒரு விருப்பம் இருந்தது போலத்தான் தெரிகிறது. ஆங்கிலேயர், ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் எல்லாரும் அங்கே இருந்தார்கள். கூலி வேலை வாங்கவில்லை, விற்கவில்லை, பணயமாகப் பேரமும் பேசவில்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்து விட்டான். அவருக்குச் சாப்பாடு போடுவது ஊர்ச் சனத்தின் கடமை. காடும் மலையும் வழிக்காவலும்தான் சுவர்.

முதல் வருடம்தான் கொடுமை. தகப்பனும் மகனும் காய்ச்சலில் கிடந்தார்கள். 1661 பெப்ரவரியில் தகப்பன் இறந்தார். புதைக்க உதவி கேட்டபோது ஊரார் அனுப்பியது மாடு கட்டும் ஒரு கயிறு, உடலைக் காட்டுக்குள் இழுத்துப் போவதற்கு. கூட இருந்த வேலைக்காரச் சிறுவனோடு சேர்ந்து மகனே குழி வெட்டிப் புதைத்தான்.

அதற்குப் பிறகு கதை மாறுகிறது. தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடனுக்குக் கொடுத்து வருடத்துக்கு 50 வீதம் வட்டி வாங்கினார் ("கைதி வட்டிக்கு விட்டவரா!" என்று ஒரு பிள்ளை வாயைப் பொத்தியது). வீடு கட்டினார். ஒரு கிழவரிடம் ஆங்கில பைபிள் ஒன்று இருப்பது தெரிந்து, தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கினார். கைதிக்கும் ஊரவனுக்கும் இடையில் இருந்த கோடு மெல்ல மெல்ல அழிந்துபோனது. ஆனால் அவர் எந்த ஊரில் இருக்கிறார், யார் சாப்பாடு கொடுக்கிறார் என்பது ஊருக்கும் அரசனுக்கும் கடைசிவரை தெரிந்திருந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

தப்பி வந்தவர் வன்னித் தமிழரிடமும் ஏன் ஒளிந்தார்?

1679 செப்ரெம்பரில் ஸ்ரீபன் றட்லண்ட் என்ற தோழரோடு, ஊர் ஊராகச் சாமான் விற்கும் வியாபாரிகள் போல வெளிக்கிட்டார். அனுராதபுரம் வரை அந்த வேடம் தாங்கியது. அதற்கப்பால் வேடம் உதவாது என்பதால் மல்வத்து ஓயாவைப் பிடித்துக் காட்டுக்குள்ளால் நடந்தார்கள். நாங்கள் அருவி ஆறு என்று சொல்வது அதைத்தான். யானை, முதலை, முட்பற்றை எல்லாம் தாண்டி 1679 ஒக்ரோபர் 18-இல் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள்.

வழியில் தமிழரைக் கண்டதும் அவருக்குப் பயம்தான் வந்தது. பிடித்துக் கண்டிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். வன்னியை ஆண்ட தலைவர் கண்டி அரசனுக்கும் அடங்காதவர், ஒல்லாந்தருக்கும் அடங்காதவர், ஒல்லாந்தருக்கு ஒரு திறை மட்டும் கொடுக்கிறார், அவர்கள் போர் செய்தும் அவரை வெல்ல முடியவில்லை என்று நொக்ஸ் எழுதியிருக்கிறார். அவர் குறிப்பிடும் பெயரைக் கயிலை வன்னியன் என்று கொள்கிறார்கள். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நிற்பவன் பிடிபட்டவனை யாரிடம் கொடுப்பான் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நொக்ஸ் பயந்ததில் பிழையில்லை.

அந்தத் திறையில் பெரும்பங்கு யானைகள். வன்னிக் காட்டில் பிடிபட்ட யானைகள் வடக்கே போய், கடல் கடந்து இந்திய வியாபாரிகள் கைக்குப் போயின. ஆனையிறவுக்குப் பெயர் வந்த கதை அது. கைதிகளின் வரலாறு எழுதுகிறவர்கள் யானையை விட்டுவிடுகிறார்கள் என்பது என் சின்ன மனக்குறை.

பழைய தமிழ் அரசர்கள் கைதிகளை எப்படி நடத்தினார்கள்?

ஒரே மாதிரி நடத்தவில்லை. பாட்டில் பெருமையாகச் சொல்வது ஒன்று, கல்வெட்டில் கிடப்பது இன்னொன்று.

முதலில் புறநானூறு 74. சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடக்கிறான். காவலரிடம் தண்ணீர் கேட்கிறான். உடனே கிடைக்கவில்லை. பிந்தித்தான் வருகிறது. அவன் அதைக் கையில் வாங்குகிறான், ஆனால் குடிக்கவில்லை. எங்கள் குடியில் பிள்ளை செத்துப் பிறந்தாலும், வெறும் தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதையும் ஆள் என்று எண்ணி வாளால் கீறித்தான் அடக்கம் செய்வார்கள். அப்படிப்பட்ட குடியில் பிறந்த நான், சங்கிலியில் கட்டிய நாய் போல இருந்து, வயிற்றுத் தீ தணிய நீரை இரந்து குடிப்பதா? இப்படிச் சொல்லி உயிர் விட்டான் என்கிறது பாட்டின் குறிப்பு. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்று வேறொரு மரபும் உண்டு.

இந்தப் பாட்டை மானத்துக்கு உதாரணமாகப் படிப்பிப்பது வழக்கம். நான் காவலரைப் பற்றிக் கேட்பேன். அடித்தார்கள் என்று ஒரு சொல் பாட்டில் இல்லை. தண்ணீர் பிந்தியது, அவ்வளவுதான். காவலில் இருப்பவன் ஒரு செம்பு தண்ணீருக்கும் இன்னொருவன் கையைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீரைப் பிந்த வைத்தாலே போதும், அடிக்கத் தேவையில்லை.

அடுத்தது செங்குட்டுவன். தமிழரசரை இகழ்ந்த கனகன், விசயன் என்ற வடநாட்டு அரசர் தலையில் கண்ணகிக்குச் சிலை செய்யும் கல்லை ஏற்றிக் கொண்டு வந்தான் என்கிறது சிலப்பதிகாரம். நம்மவர்கள் மேடையில் கைதட்டும் இடம். ஆனால் பிறகு அவன் அவர்களைச் சிறையிலிருந்து எடுத்து மாளிகையில் வைத்ததையும் அதே காப்பியம் சொல்கிறது. அந்த இடத்துக்குக் கைதட்டு விழுவதில்லை. மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே போகிறாள். அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுவிக்கிறாள். அதற்கு ஒரு முழுக் காதை இருக்கிறது.

கல்வெட்டுக்கு வந்தால் சோழர் காலத்து 'வேளம்'. தோற்ற நாடுகளிலிருந்து பிடித்துவந்த பெண்களைக் குடியிருத்தி அரண்மனை வேலைக்கு வைத்த இடம். பாட்டில் வெற்றி, வேளத்தில் அந்த வெற்றியின் மிச்சம். 1017-இல் இராசேந்திரனின் படை இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனது. 12 வருடம் அங்கேயே இருந்து 1029-இல் இறந்தான். சிங்கள மரபில் இதற்கு எதிர்க்கதை போல ஒன்று உண்டு: சோழன் 12,000 பேரைக் காவிரிக்குக் கரை கட்டப் பிடித்துப் போனான், சிங்கள அரசன் கஜபாகு அவர்களையும் மேலதிகமாக 12,000 பேரையும் கொண்டுவந்தான் என்று. இது பிற்கால நூல்களில் வரும் கதை, மகாவம்சத்தில் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் கைதியைக் கணக்காகத்தான் சொல்கிறது. 12,000, 24,000. ஒருவர் பெயரும் இல்லை.

கைதி அடிமையானது எப்படி?

பெரும்பாலான பழைய சமூகங்களில் இது நேர்வழி. வென்றவன் கொல்லலாம், கொல்லாமல் விட்டால் அந்த உயிர் அவனுக்குச் சொந்தம் என்ற கணக்கு. அடிமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே 'உயிரோடு விடப்பட்டவன்' என்பதிலிருந்து வந்தது என்று உரோமச் சட்ட நூலோர் எழுதி வைத்தார்கள். அசோகனின் 13-ஆவது பாறைக் கல்வெட்டு கலிங்கத்தில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் 1,50,000 பேர் பிடித்துக் கொண்டுபோகப்பட்டதையும் சொல்கிறது. அதற்காக வருந்தி ஓர் அரசன் கல்லில் வெட்டியது அதிசயம்தான்.

காசுள்ளவனுக்கு வேறு வழி இருந்தது. இங்கிலாந்து அரசன் முதலாம் ரிச்சர்ட் 1192-இல் பிடிபட்டு, 1,50,000 மார்க் மீட்புத்தொகை பேசி, 1194-இல் விடுபட்டான். 624-இல் பத்ர் போரில் பிடிபட்டவர்களில் காசில்லாத, ஆனால் எழுத்தறிந்தவர்கள் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் விடுதலை என்று இசுலாமிய மரபு சொல்கிறது. வாத்தியாராக எனக்குப் பிடித்த மீட்புத்தொகை அது. இலங்கையில் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்தது 1844-இல்.

பண்டாரவன்னியன் பிடிபட்டாரா?

ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வன்னித் தலைவர் அவர். கற்சிலைமடுக் கல்லைப் போய்ப் பாருங்கள், கிட்டத்தான் இருக்கிறது. 1803 ஒக்ரோபர் 31-இல் கப்டன் வொன் றிபேர்க் இந்த இடத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்றுதான் அது சொல்கிறது. பிடித்தான் என்றோ கொன்றான் என்றோ இல்லை. காட்டிக்கொடுத்த காக்கை வன்னியனைக் கூத்தில் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தப் பதில் ஏமாற்றம் தருகிறது, என்ன செய்ய.

பிடிபட்ட நம் அரசர்கள் என்றால் யாழ்ப்பாண அரசன் சங்கிலி. 1619-இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரமராசசிங்கன் 1815 பெப்ரவரியில் பிடிபட்டு, வேலூரில் காவலில் இருந்து 1832-இல் இறந்தான்.

போர்க்கைதிக்குச் சட்டம் எப்போது வந்தது?

துண்டு துண்டாக வந்தது. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஓர் இராணுவ விதித்தொகுப்பு, 1899-இலும் 1907-இலும் ஹேக் உடன்படிக்கைகள், 1929-இல் ஜெனீவா, கடைசியாக 1949-இல் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கை. இன்றைக்குப் பிடித்து நிற்பது அதுதான். விசாரணையில் போர்க்கைதி சொல்லவேண்டியவை பெயர், பதவிநிலை, பிறந்த திகதி, இலக்கம் மட்டும். முகாமுக்கு வந்து ஒரு கிழமைக்குள் வீட்டுக்கும் ஜெனீவாவுக்கும் ஓர் அட்டை எழுத விடவேண்டும். சனத்துக்கு வேடிக்கை காட்டக்கூடாது. சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி விடவேண்டும்.

அந்த அட்டை சின்ன விசயம் போலத் தெரியும். முதலாம் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கம் ஜெனீவாவில் ஒரு நிலையம் திறந்து, பிடிபட்டவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி அடுக்கியது. 70 லட்சம் அட்டைகள். "உங்கள் மகன் இன்ன முகாமில் இருக்கிறான்" என்று தாய்க்கு எழுத, அந்த அடுக்கில் ஒரு விரல் ஓடவேண்டும்.

அட்டை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு சயாம் மரண ரயில்பாதை. 1942-இலும் 43-இலும் சப்பானியர் போட்ட 415 கிலோமீற்றர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அங்கே வேலை செய்தார்கள், 12,000-க்கு மேல் இறந்தார்கள். காஞ்சனபுரி மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கூட்டிப்போன தமிழர் போர்க்கைதிகளாகக் கணக்கில் வரவில்லை. அவர்களில் எத்தனை ஆயிரம் பேர் அந்தக் காட்டில் கிடக்கிறார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

இலங்கையிலும் வெளிநாட்டுப் போர்க்கைதிகள் இருந்தார்கள். 1900-இல் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் போராளிகள் ஏறத்தாழ 5,000 பேரை ஆங்கிலேயர் தியத்தலாவையில் வைத்தார்கள். போர் முடிந்ததும் பிரித்தானிய முடிக்கு விசுவாசம் சொன்னவர்கள் ஊர் திரும்பினார்கள். சொல்ல மறுத்த எங்கல்பிரெக்ற் என்ற ஒருவர் அம்பாந்தோட்டையில் தங்கி, யாலக் காட்டின் முதல் காவலரானார்.

எங்கட சண்டையில பிடிபட்டவர்கள் போர்க்கைதிகளா?

சட்டப்படி இல்லை. போர்க்கைதி என்ற நிலை நாடும் நாடும் மோதும்போதுதான். ஒரு நாட்டுக்குள் நடக்கும் போருக்கு நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை மட்டும் உண்டு. ஆயுதத்தைக் கீழே போட்டவரைக் கொல்லாதே, வதைக்காதே, அவமதிக்காதே. அது இரண்டு தரப்பையும் கட்டும்.

கட்டியதா? அரசு பிடித்தவர்களை 1979-இன் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் வைத்தது. 1983 யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள், பூட்டின் உள்ளே இருந்தவர்கள். 1990 யூனில் கிழக்கில் புலிகளிடம் சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் இங்கே சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். கை கட்டப்பட்டவன் யாருடைய ஆள் என்று பார்த்து வரலாறு படிப்பிக்க எனக்குத் தெரியாது.

மாறி நடந்ததும் உண்டு. 1994-இல் மன்னார்க் கடலில் 'சாகரவர்த்தன' கப்பல் மூழ்கியபோது பிடிபட்ட கடற்படை அதிகாரி அஜித் போயாகொட எட்டு வருடம் புலிகளின் சிறையில் இருந்து 2002-இல் உயிரோடு வீடு போனார். அந்த வருடங்களில் செஞ்சிலுவைச் சங்கம் அவரைப் பார்க்க முடிந்தது, கடிதம் போய் வந்தது.

2009-இல் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்த நாங்கள் கைதிகளா?

ஏட்டில் 'இடம்பெயர்ந்தோர்'. செட்டிகுளம் பக்கத்து முகாம்களில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட சனம், மாதக்கணக்கில் வெளியே போக அனுமதி இல்லாமல். நான் அங்கே தண்ணீர் பவுசருக்கு வரிசையில் வாளியோடு நின்றவன். இரும்பொறை பாட்டைத் திரும்ப நினைத்தது அந்த வரிசையில்தான். நான் குடித்தேன்.

கையால் ஒப்படைத்த மகன் கைதியா, காணாமல் போனவரா?

இதை எழுதி அனுப்பியது ஒரு மாணவியின் அம்மம்மா. 2009 மேயில் வட்டுவாகல் பாலம் தாண்டி வந்து தன் மகனை இராணுவத்திடம் ஒப்படைத்தவர். "காணாமல் போனவர் எண்டு சொல்லாதேங்கோ தம்பி, நான் குடுத்தனான்" என்று கீழே எழுதியிருந்தார்.

சட்டம் உங்களுடைய பக்கம்தான் இருக்கிறது, அம்மா. ஒருவரைப் பிடித்த அரசு, பிடித்ததை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ அவருக்கு என்ன நடந்தது என்பதை மறைத்தாலோ அவர் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்'. இலங்கை அந்தச் சர்வதேச உடன்படிக்கையை 2016-இல் ஏற்றது, அதைக் குற்றமாக்கும் சட்டம் 2018-இல் வந்தது. காணாமல் போனோர் அலுவலகச் சட்டமும் 2016-இல்தான். இறப்புச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்களுக்கு, ஆள் காணப்படவில்லை என்ற சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. அதை எடுத்தால் மகன் இல்லை என்று ஒத்துக்கொண்டதாக ஆகாது.

அவர் ஒருமுறை ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, அவருடைய மகனின் பெயரிலேயே வேறொருவரின் கோவையை எடுத்துக் காட்டிக் கையெழுத்து கேட்டார்களாம். தகப்பன் பெயர் வேறு, பிறந்த திகதி வேறு. அவர் கையெழுத்து வைக்கவில்லை. கண்டி அரசனின் ஆட்களுக்கு நொக்ஸ் எந்த ஊரில் இருக்கிறார் என்று 1660-களிலேயே தெரிந்திருந்தது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20-இல் குந்தத் தொடங்கிய தாய்மார் கேட்பதும் அந்த அளவு தகவல்தான்.

தடுப்பால் வந்தவரிடம் என்ன கேட்கலாம்?

"சாப்பிட்டியா?" என்று கேட்கலாம். "எப்படி உன்னை மட்டும் விட்டவங்கள்?" என்று கேட்கவேண்டாம். பிடிபட்டவன் துரோகி என்று ஸ்ராலின் 1941-இல் கட்டளை போட்டான். செருமனியரிடம் பிடிபட்ட ஏறத்தாழ 57 லட்சம் சோவியத் வீரரில் 33 லட்சம் பேர் காவலிலேயே செத்தார்கள். மிஞ்சி வந்தவர்களில் பலருக்குச் சொந்த நாட்டு முகாம் காத்திருந்தது. எங்கள் ஊரில் முகாம் இல்லை, நாக்கு இருக்கிறது.

நொக்ஸ் வந்து சேர்ந்த இடத்தைப் பார்க்கலாமா?

பார்க்கலாம். மன்னார்ப் பக்கம் போய்ச் சிலாவத்துறை வழியில் அரிப்பு. கோட்டை சின்னது, கடலோரம், இடிந்த சுவர்கள்தான். அருவி ஆறு கடலில் விழும் இடம் கிட்ட. நாங்கள் வான் பிடித்து 14 பேர் போனோம். மறியலா தடுப்பா என்று கேட்ட அந்தப் பொடியன் சுவரில் ஏறி ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு கன நேரம் நின்றான். இறங்கி வந்து, "சேர், கோட்டையைக் கண்ட உடனே அவங்கள் ஓடி வந்திருப்பாங்களா, நடந்து வந்திருப்பாங்களா?" என்றான். தெரியாது என்றேன். வான்காரர் ஹோர்ன் அடித்தார்.